சமூகக் காரணம்

மாசி மகத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். பூவராக சாமி ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கிள்ளைக் கடற்கரைக்குக் கிளம்புகிற சமயத்தில் நான் ஊரில் இல்லையென்றால் அத்தைக்கு மனசு ஆறாது. சாமி கிளம்பிப் போனதும்தான் அசல் வேலை ஆரம்பித்தது. வெள்ளையடிக்க ஆள் வருகிறார்கள், பரணை ஒழித்துக் கொடு என்றாள். இறக்கிய தகரப் பெட்டியில் மேலாக விருத்தாசலம் பீங்கான் பொம்மைகள், ஒவ்வொன்றும் பழைய தினத்தந்தியில் சுற்றப்பட்டு. அடியில் நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு.

அத்தை கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலைக்குச் சேர்ந்த முதல் பத்து வருடம் சேலம் மாவட்டத்தில், பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு சொந்த மாவட்டம். ஐயாயிரம் பேருக்கு ஒரு செவிலியர் என்பது கணக்கு. அரசாங்கப் பதிவேடு துணை சுகாதார நிலையத்திலேயே இருக்கும். மாதக் கடைசியில் கூட்டல் தப்பிவிடக்கூடாது என்று அவள் தனக்காக வைத்துக்கொண்ட நகல்தான் இந்த நோட்டு. 1993ல் ஆரம்பித்து 1999ல் முடிகிறது. தாயின் பெயர், எத்தனையாவது பிரசவம், ஆணா பெண்ணா, எடை, குழந்தை இறந்திருந்தால் எத்தனையாவது நாள், என்ன காரணம்.

காரணக் கட்டத்தில் அங்கங்கே ‘ச.கா.’ என்று எழுதியிருந்தது. சளியும் காய்ச்சலுமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் கவனித்தேன், அந்த இரண்டு எழுத்து வருகிற வரிசையில் எல்லாம் குழந்தை பெண். எல்லாமே முதல் வாரத்துக்குள்.

“என்னா அத்தை இது, ச.கா.ன்னு?”

“சமூகக் காரணம்.”

“அப்டின்னா?”

“அப்டின்னா அதான். நீ பொம்மைய ஒடைக்காம எடுத்து வையி.”

எனக்கு ஓரளவு புரிந்துவிட்டது. மூன்றாவது பிரசவம், மூன்றாம் நாள். எங்கள் வீட்டிலும் நான் மூன்றாவது, எனக்கு மேலே இரண்டு அக்கா. அன்றைக்கு மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நோட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு பெங்களூர் வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எக்செலில் ஏற்ற ஆரம்பித்தேன். பத்து வருடமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவனுக்கு ஒரு நோட்டைப் பார்த்தால் வேறு என்ன செய்யத் தோன்றும்.

*

ஆணும் பெண்ணும் எத்தனை பிறக்கிறார்கள் என்று எண்ணுவதும் புள்ளியியலும் கிட்டத்தட்ட ஒட்டிப் பிறந்தவை. 1662ல் லண்டனில் ஜான் கிராண்ட் என்ற துணி வியாபாரி, தேவாலயங்கள் வாராவாரம் வெளியிட்ட இறப்புக் கணக்கையும் ஞானஸ்நானக் கணக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஆண் குழந்தைகள் கொஞ்சம் கூடுதலாகப் பிறக்கின்றன என்று காட்டினார். 1710ல் ஜான் ஆர்பத்னாட் என்ற மருத்துவர் 82 வருட ஞானஸ்நானக் கணக்கைப் பார்த்தார். ஒரு வருடம்கூட விடாமல் ஆண்களே அதிகம். நாணயத்தைச் சுண்டினால் 82 தடவையும் தலையே விழுமா? ஆகவே இது கடவுளின் ஏற்பாடு என்று முடித்தார். கடவுளை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். யாரும் கை வைக்காவிட்டால் 1000 ஆண் குழந்தைகளுக்குச் சுமார் 950 பெண் குழந்தைகள் பிறக்கும். பிறந்தபின் முதல் மாதத்தைத் தாண்டுவதில் பெண் குழந்தைகள்தான் கெட்டி. எனவே ஒரு வட்டாரத்தில் முதல் வாரத்தில் பெண்கள் அதிகமாகச் சாகிறார்கள் என்றால் அது இயற்கையின் வேலை இல்லை.

இந்தியாவில் இந்தக் கணக்கைப் போலீஸும் எடுத்தது. 1870ல் வந்த பெண்சிசுக் கொலைத் தடுப்புச் சட்டப்படி வடமாநிலங்களில் சந்தேகத்துக்குரிய குலங்களின் பிள்ளைகளை ஆண் பெண் என்று பிரித்து எண்ணினார்கள், பிறப்புகளைப் பதிவு செய்தார்கள். கண்காணிப்புக்கு வரும் கூடுதல் போலீஸின் செலவை அந்த ஊர்க்காரர்கள் தலையிலேயே கட்டவும் சட்டத்தில் இடம் இருந்தது. எண்ண வருகிறவன் லத்தியோடு வந்தால் ஊர் எப்படிக் கணக்குச் சொல்லும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் இது ‘வெளியே தெரிந்தது’ உசிலம்பட்டியில். 1980களின் நடுவில் ஜூனியர் விகடனும் இந்தியா டுடேயும் எழுதின. பெரிய அதிர்ச்சி. கூடவே ஒரு வசதியும் வந்து சேர்ந்தது. அது எங்கேயோ உசிலம்பட்டியில், ஏதோ ஒரு சாதியில் நடக்கிற விஷயம் என்று மற்ற எல்லோரும் நிம்மதியாக இருந்துவிடலாம்.

அந்த நிம்மதியைக் கெடுத்த வேலை வேலூர் பக்கம் கே.வி. குப்பத்தில் நடந்தது. அதற்கும் பெண்சிசுக் கொலைக்கும் முதலில் ஒரு தொடர்பும் கிடையாது. சாபு ஜார்ஜ் என்ற ஆய்வாளர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஊரக மையமான ருஹ்சாவோடு சேர்ந்து, 12 கிராமங்களில் குழந்தைகளின் எடையைத் தொடர்ந்து நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மொத்தம் 13,000 பேர்தான் மக்கள்தொகை. எடை போட வேண்டுமென்றால் பிறந்த ஒவ்வொரு குழந்தையையும் பெயர் பெயராகத் தெரிந்திருக்க வேண்டும். அப்படித் தெரிந்து வைத்திருந்ததால்தான் காணாமல் போனவர்களும் தெரிந்தார்கள். உயிரோடு பிறந்த 759 குழந்தைகளில் 56 பேர் இறந்தார்கள். ஆண் 23, பெண் 33. அந்த 33ல் 19 கொலை என்று உறுதியானது. பன்னிரண்டில் ஆறு கிராமங்களில் அது நடந்திருந்தது, மற்ற ஆறில் இல்லை. 1992ல் ராஜரத்தினம் ஏபல், பார்பரா மில்லர் ஆகியோரோடு சேர்ந்து இதை எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வெளியிட்டார்.

ஆறு ஊரில் உண்டு, ஆறு ஊரில் இல்லை என்ற அந்த விவரத்தை நான் பல தடவை திரும்பிப் படித்தேன். பக்கத்துப் பக்கத்து ஊர்கள். மாவட்ட சராசரி என்ற ஒன்றைப் போட்டால் இந்த ஆறும் அந்த ஆறும் கரைந்து ஒரே எண்ணாகிவிடும். எதற்காகப் பேச வேண்டுமோ அதுவே சராசரியில் காணாமல் போகும்.

அதே 1992ல் சேலத்தில் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தை ஆரம்பித்தார். முந்தைய வருட சென்சஸில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான பிள்ளைகளில் 1000 ஆணுக்கு 849 பெண். மாநிலத்திலேயே அதுதான் குறைவு. வேண்டாத குழந்தையைக் கொல்லாதே, தொட்டிலில் போடு, அரசாங்கம் வளர்க்கும். இந்தத் திட்டம் பெண் குழந்தையைக் கைவிடுவதைச் சரி என்று ஆக்கிவிடுகிறது என்ற விமர்சனம் அன்றிலிருந்து உண்டு. எனக்கும் அந்த விமர்சனத்தில் உடன்பாடுதான். ஆனால் தொட்டிலில் வந்து வளர்ந்தவர்களுக்கு இப்போது என் வயதை ஒட்டி இருக்கும். அவர்கள் முன்னால் நின்றுகொண்டு இதை அப்படியே சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

*

இங்கேதான் அத்தையின் நோட்டு வருகிறது.

டென்மார்க் அரசின் டானிடா உதவியோடு சேலத்திலும் அன்றைய தென்னாற்காட்டிலும் சுகாதாரத் திட்டம் ஒன்று நடந்தது. தொண்ணூறுகளில் அதன் பொறுப்பில் இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளாதாரப் பேராசிரியர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஒரு சாதாரணமான கேள்வியைக் கேட்டார்கள். மாநிலம் முழுக்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிசு மரணப் பதிவேடு இருக்கிறதே, அதில் என்னதான் எழுதியிருக்கிறது? எடுத்துக் கூட்டிப் பார்த்தார்கள். ‘சமூகக் காரணம்’ என்ற தலைப்பில் மட்டும் வருடத்துக்குச் சுமார் 3,000 பெண் குழந்தைகள். 1997ல் கட்டுரை வெளிவந்தது. உசிலம்பட்டி மட்டும் என்ற கதை அதோடு முடிந்தது. மதுரைப் பக்கத்தில் ஆரம்பித்து திண்டுக்கல், சேலம், தர்மபுரி வழியாக வட ஆற்காடு வரை ஒரு பட்டை. அந்தப் பட்டைக்குள்ளேயும் சீராக இல்லை, சில வட்டாரங்களில் குவிந்திருந்தது.

இந்த எண் ரகசியமாக இருந்ததே கிடையாது. மாதாமாதம் என் அத்தை மாதிரி ஆயிரக்கணக்கான பெண்கள் கையால் எழுதி மேலே அனுப்பிக்கொண்டிருந்த எண். போலீஸுக்கு எழுதவில்லை, பத்திரிகைக்கு எழுதவில்லை. கொலை என்றும் எழுத முடியாது. நாளைக்கு அதே தெருவில் அதே வீட்டில் தடுப்பூசி போடப் போக வேண்டும். இயற்கை மரணம் என்று எழுதவும் மனசு வரவில்லை. நடுவில் இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். அலுவலகத் தமிழில் இவ்வளவு பாரம் சுமந்த வேறு சொற்றொடர் எனக்குத் தெரியாது.

அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு தர்மபுரியில் கலைப்பயணம் நடத்தினார்கள். 1997 முதல் 1999 வரை. அறிவொளி இயக்கத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் ருசி தெரியும். உள்ளூர்ப் பெண்களையே நாடகக் குழுக்களாகப் பயிற்றுவித்து ஊர் ஊராக அனுப்பினார்கள். வரதட்சணை, பிள்ளையாசை, மாமியார், மருமகள், பாட்டு, ஒப்பாரி. யாரையும் கைகாட்டி நீ கொலைகாரி என்று சொல்லாத நாடகம். அதற்கப்புறம் பதிவேட்டில் எண்கள் இறங்கின. இன்றைய தர்மபுரி மாவட்ட எல்லைக்குள் 2001ல் 826 ஆக இருந்த குழந்தைப் பாலின விகிதம் 2011ல் 913. சேலம் 916. இதை நான் சும்மா கடந்துபோக மாட்டேன். ஏட்டில் எழுதியதை எடுத்துக் கூட்டி, கூட்டியதைத் தெருவுக்குக் கொண்டுபோனதால் பெண் குழந்தைகள் உயிரோடு இருக்கிறார்கள்.

கட்டுரை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

*

2001 சென்சஸில் எங்கள் கடலூர் மாவட்டம் 957. மாநில சராசரியான 942ஐவிட நல்ல எண். இயற்கையே கொடுக்கிற எண். கடலூரைப் பற்றிக் கவலைப்பட ஒருத்தருக்கும் காரணம் இல்லை. தொட்டில், கலைப்பயணம், கூட்டம், கருத்தரங்கு எல்லாம் மேற்கே.

2011ல் கடலூர் 896. மாநிலத்திலேயே கடைசி. பக்கத்து அரியலூர் 897.

பத்து வருடத்தில் 61 புள்ளி. முதல் தடவை பார்த்தபோது டைப்பிங் தவறு என்றுதான் நினைத்தேன். எங்கள் தொழிலில் ஒரு வகைப் பிழை உண்டு. சர்வரில் எரர் வருகிற இடத்தில் அலாரம் வைத்திருப்போம். ஒருநாள் அலாரம் அடிப்பது நின்றுவிடும், எல்லோரும் டீ குடிக்கப் போவோம். எரர் அலாரம் இல்லாத வேறொரு இடத்துக்கு நகர்ந்திருக்கும். கடலூரில் நடந்தது அதுதான். செவிலியர்கள் கண்காணித்தது சிசு மரணக் கட்டத்தை. அந்தக் கட்டம் சுத்தமாக இருந்தது. பிரச்சினை அதற்கு முந்தைய கட்டத்துக்கு, பிறப்புக்கு, போய்விட்டது. ஸ்கேன் செய்து தெரிந்துகொண்டு கருவிலேயே முடித்துவிட்டால் ‘சமூகக் காரணம்’ என்று எழுத ஒரு குழந்தையே இல்லையே. எந்தச் செவிலியரும் எந்தக் கட்டத்திலும் எதையும் எழுத வேண்டியதில்லை. ஊரே நல்ல ஊர் ஆகிவிடும்.

பாலினம் கண்டறிவதைத் தடை செய்யும் சட்டம் 1994லேயே வந்தாயிற்று. அமல்படுத்துங்கள் என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போன மூன்று மனுதாரர்களில், இரண்டு அமைப்புகளோடு, அதே சாபு ஜார்ஜும் ஒருவர். கே.வி. குப்பத்தில் எடை போட்டுக்கொண்டிருந்தவர். 2003ல் சட்டம் இறுக்கப்பட்டது. ஒவ்வொரு கர்ப்பிணி ஸ்கேனுக்கும் ‘ஃபார்ம் எஃப்’ நிரப்ப வேண்டும். கட்டுக்கட்டாக நிரப்பப்படுகிறது. அதை எடுத்துக் கூட்டிப் பார்க்கத்தான் இன்னொரு சுங்கத்தும் ஆத்ரேயாவும் வேண்டும். இதற்கிடையில் ஸ்கேன் மெஷின் கைப்பைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. தர்மபுரி, கள்ளக்குறிச்சிப் பக்கம் அப்படிப்பட்ட மெஷினோடு கும்பல்கள் பிடிபட்ட செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள்.

சென்சஸ் எண் வந்ததும் அரசாங்கம் ஓடி வந்தது. 2011லேயே தொட்டில் திட்டம் கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலைக்கு நீட்டிக்கப்பட்டது. குழந்தைகள் பிறக்காமலேயே போகிற மாவட்டத்துக்குத் தொட்டில் அனுப்பினார்கள். 2015ல் மத்திய அரசின் ‘பேட்டி பச்சாவோ பேட்டி படாவோ’ முதலில் எடுத்துக்கொண்ட 100 மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு அம்சம் உண்டு. ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பலகை வைத்து, இந்த மாதம் ஆண் இத்தனை, பெண் இத்தனை என்று எழுதிப் போட வேண்டும். ஊரின் எண்ணை ஊரே பார்க்கும். ஆனால் பணம் போன திசை வேறு. 2016 முதல் 2019 வரை கொடுத்த நிதியில் கிட்டத்தட்ட 79 சதவீதம் ஊடக விளம்பரத்துக்குப் போனதாக நாடாளுமன்றக் குழுவே அறிக்கை கொடுத்தது.

பலகையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஒரு ஊரில் வருடத்துக்கு 40 குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண் 25, பெண் 15. ஆயிரத்துக்கு 600! கலெக்டர் பதறிவிடுவார். ஆனால் யாரும் ஒரு தப்பும் செய்யாமலேயே, வெறும் அதிர்ஷ்டத்தில், பத்து வருடத்தில் ஒரு வருடம் இப்படி வரும். அந்த வருடத்தை வைத்து அந்த ஊர்ப் பெண்களைக் குற்றவாளி ஆக்கினால் அநியாயம். அதே ஊரில் பத்து வருடம் சேர்த்து 250க்கு 150 என்றால் கதையே வேறு, அது லட்சத்தில் ஒரு தடவைகூட தானாக வராது. ஆகவே சின்ன ஊரின் எண்ணுக்குப் பொறுமை வேண்டும், பழைய நோட்டு வேண்டும். எத்தனையாவது பிரசவம் என்ற கட்டமும் வேண்டும். முதல் குழந்தையில் விகிதம் பெரிதாக மாறாது. முதல் குழந்தை பெண்ணாக இருந்த வீட்டின் இரண்டாவது, மூன்றாவதில்தான் கை வைத்தது தெரியும்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு பஞ்சாபின் நவான்ஷஹர் இருக்கிறது. 2005ல் அங்கே மாவட்ட ஆட்சியராக வந்த கிருஷண் குமார் எல்லா கர்ப்பிணிகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, போன் போட்டு விசாரிக்க ஏற்பாடு செய்தார். விகிதம் ஏறியது. நாடே பாராட்டியது. கர்ப்பிணிப் பெண்ணின் வீட்டுக்கு அரசாங்கம் போன் செய்துகொண்டே இருப்பதன் அர்த்தம் என்ன, கரு கலைந்து துக்கத்தில் இருப்பவளிடம் ஏன் கலைந்தது என்று கேட்பது என்ன நியாயம் என்று பெண்ணியவாதிகள் கேட்டார்கள். 1870 நினைவுக்கு வருகிறது. இந்த மாதிரி சாஃப்ட்வேரை எழுதித் தரச் சொன்னால் நானே இரண்டு வாரத்தில் எழுதித் தந்துவிடுவேன் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

*

2021ல் வர வேண்டிய சென்சஸ் வரவில்லை. ஸ்ரீமுஷ்ணம் தாலுகா 2011க்குப் பிறகுதான் உருவானது. அதாவது எங்கள் தாலுகாவுக்கென்று ஒரு சென்சஸ் எண் இதுவரை அச்சானதே இல்லை. குடும்பநல சர்வே மாதிரி எடுத்துப் பார்ப்பது, மாவட்டத்துக்குக் கீழே அதனால் பேச முடியாது. ஆனால் எண் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் கர்ப்பம் உறுதியானதும் பிக்மி எண் வாங்கியாக வேண்டும். எந்தத் துணை சுகாதார நிலையத்தில் எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனையாவது பிரசவம் என்பதெல்லாம் ஒரு சர்வருக்குள் இருக்கிறது. பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு ஐந்து வருடம், பத்து வருடம் என்று சேர்த்து ஊருக்கு ஒரு வரி கொடுத்தால் கிராம சபையில் வாசிக்கலாம். எனக்குத் தேவை அந்த ஒரு வரிதான்.

இதை அத்தையிடம் போனில் சொன்னேன். நம் ஊர் கிராம சபையில் அடுத்த தடவை இதைக் கேட்கப் போகிறேன் என்று.

“கேளு. ஆனா அந்த நர்சு பொண்ண எழுப்பி நிக்க வச்சிடாத.”

“நான் ஏன் அத்தை நிக்க வைக்கப்போறன்?”

“நீ வைக்கமாட்ட. ஒன் நம்பரு வைக்கும். அந்தக் காலத்துல பேப்பர்ல வந்த பொறவு மீட்டிங்குல எங்களத்தான் நிக்க வச்சாங்க. ஒன் ஏரியாவுல மட்டும் ஏன் இத்தினின்னு. எழுதாதவள்லாம் ஒக்காந்திருந்தா. எழுதுனவ நின்னா.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நோட்டில் மீதமிருந்த பக்கங்களை அந்த வாரம் ஏற்றி முடித்தேன். தவறான தரவு உள்ளே போய்விடக்கூடாது என்று வழக்கமாகச் செய்கிற சோதனைகளையும் ஓட்டினேன். தேதி முன்பின் இருக்கிறதா, கட்டம் காலியாக இருக்கிறதா, எடையும் காரணமும் பொருந்துகிறதா. எடை குறைவு என்றால் 2.5 கிலோவுக்குக் கீழே இருக்க வேண்டும்.

1998ல் ஒரு வரி பொருந்தவில்லை. மூன்றாவது பிரசவம், பெண், ஐந்தாம் நாள். காரணம்: எடை குறைவு. எடைக் கட்டத்தில் 2.9.

அடுத்த தடவை ஊருக்குப் போனபோது லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். ஏற்றும்போது நான்தான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று நோட்டையும் கொண்டுபோயிருந்தேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். மூன்று பேர் சாட்சி சொல்லும் பாவனையில் விரலை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினாள். எடைக் கட்டத்தில் நிறுத்தினாள்.

“தராசு நாந்தான் புடிச்சன். நல்ல புள்ள.”

கொஞ்ச நேரம் கழித்து, “அத மாத்திடு” என்றாள்.

பழைய எழுத்தை நான் மாற்றவில்லை. மூலத்தை அழிக்கக்கூடாது என்பது எங்கள் பழக்கம். பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன். என்ன தலைப்பு வைப்பது என்று கேட்டேன்.

“இப்ப சொல்றதுன்னு போடு” என்றாள்.